18446744073709551615: ஒரு இருபது இலக்க எண்ணைக் காகிதத்தில் பிரித்துப் பார்ப்பது

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு மணி அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், 64 கட்டத்திலும் சேர்ந்து வரும் மொத்தம் 18446744073709551615. கதை எல்லோருக்கும் தெரியும். நான் மதுரையில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். அதனால் என் புத்தி முதலில் எடைக்குத்தான் போகும். ஒரு மணி 20 மில்லிகிராம் என்று வைத்தால் சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுக்க வருஷத்துக்கு விளையும் அரிசி ஐம்பது கோடி டன்னை ஒட்டி வருகிறது. ஆக எழுநூறு வருஷத்துக்கு மேலான விளைச்சல். ராஜா பாடு ராஜாவோடு. நமக்கு வேண்டியது அந்த எண்.

இவ்வளவு பெரிய எண்ணின் காரணிகள் என்ன, அது வர்க்க எண்ணா, முக்கோண எண்ணா என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் நிரல் எதுவும் எழுதாமல் கண்டுபிடிக்கலாம். கடை மேசையில் கிடக்கும் 12 இலக்கக் கால்குலேட்டர், ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு மாலைப்பொழுது போதும்.

எழுத்தால் படிப்பதற்கு வலமிருந்து ஏழு ஏழு இலக்கமாக வெட்டுங்கள்: 184467 | 4407370 | 9551615. ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நாலு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்று ஐந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. செக்கில் எழுத இடம் போதாது.

எக்செல்லில் மட்டும் இதைத் தட்டாதீர்கள். பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. மிச்சத்தைச் சுழியாக்கி 18446744073709500000 என்று வைத்துக்கொள்ளும். அதை நம்பினால் எண் 100ஆல் வகுபடும் என்று பொய்சாட்சி சொல்லும். போன் கால்குலேட்டரும் பல சமயம் முன்பகுதியைக் காட்டிவிட்டு, மீதியைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிவிடும்.

எண்ணை நாமே வருவிப்பது

யாரோ எழுதிய இருபது இலக்கத்தை அப்படியே நம்பி வேலை தொடங்கக் கூடாது. 1 + 2 + 4 + 8 என்று எந்தக் கட்டம்வரை கூட்டினாலும், மொத்தம் அடுத்த கட்டத்துக்கு வரவேண்டியதைவிட ஒன்று குறைவாக இருக்கும். 64 கட்டத்துக்கு அது 2⁶⁴ − 1. ஆக 2⁶⁴ தெரிந்தால் போதும்.

2¹⁶ = 65536. இதன் வர்க்கம் 2³² = 4294967296. இதுவரை கால்குலேட்டர் தாங்கும். அடுத்த வர்க்கம் தாங்காது என்பதால் எண்ணை இரண்டாக வெட்டுகிறோம்: 42949 | 67296. பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டல் வர்க்கச் சூத்திரம்தான்:

42949 × 42949 = 1844616601
2 × 42949 × 67296 = 5780591808
67296 × 67296 = 4528751616

மூன்றும் பத்து இலக்கம்தான். முதலாவதுக்குப் பின்னால் பத்துச் சுழி, இரண்டாவதுக்குப் பின்னால் ஐந்து, மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. நோட்டின் கட்டங்களில் ஒன்றின்கீழ் ஒன்றாக இடம் பார்த்து எழுதிக் கூட்டுங்கள்:

18446166010000000000
  + 578059180800000
       + 4528751616
= 18446744073709551616

ஒன்றைக் கழித்தால் நம் எண்.

இப்போது சரிபார்ப்பு. பழைய கணக்குப்பிள்ளைகள் கைவசம் வைத்திருந்த ஒன்பது சோதனை இங்கே உதவும். இலக்கங்களைக் கூட்டினால் 87; 8 + 7 = 15; 1 + 5 = 6. ஆக 9ஆல் வகுத்தால் மீதி 6 வர வேண்டும். வேறு வழியில் பார்ப்போம்: 2⁶ = 64, அதை 9ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2⁶⁰க்கும் மீதி 1. மிச்சம் 2⁴ = 16, ஒன்றைக் கழித்தால் 15, மீதி 6. பொருந்துகிறது.

ஆனால் ஒன்பது சோதனைக்கு ஒரு கண் தெரியாது. 73 என்பதை 37 என்று இடம் மாற்றி எழுதினால் அதற்குத் தெரியவே தெரியாது, கூட்டல் ஒன்றுதானே. பேரேட்டில் வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்குமோ என்று முதலில் தேடுவது இதனால்தான். இடமாற்றத்தைப் பிடிக்க 11 சோதனை வேண்டும். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள்: ஒரு வரிசை 62, மறு வரிசை 25. வித்தியாசம் 37, அதை 11ஆல் வகுத்தால் மீதி 4. மறுபக்கம், 2¹⁰ = 1024ஐ 11ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2⁶⁰க்கும் மீதி 1; 16 − 1 = 15, மீதி 4. இரண்டு சோதனையும் தேறினால் தைரியமாக மேலே போகலாம்.

வகுக்கத் தொடங்காதீர்கள்

என் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இதைப் பார்த்துவிட்டு, “மாமா, மூணு, அஞ்சு, ஏழுன்னு வரிசையா வகுத்துட்டே போனா கிடைச்சிடாதா?” என்றாள்.

“கிடைக்கும்மா. ஆனா 65537 வரைக்கும் போகணும். அதுக்குள்ள பகா எண் மட்டும் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நெடுவகுத்தல் போடுவியா?”

அவள் நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

பெரிய எண் கையில் வந்ததும் அது எப்படிப் பிறந்தது என்று கேட்பதுதான் என் வழக்கம். இலக்கங்கள் வெறும் தோற்றம். இந்த எண் ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைந்தது. அப்படியானால் இரண்டாகப் பிளக்கும்: வர்க்கமூலத்தில் ஒன்று கழித்தது, ஒன்று கூட்டியது.

2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1)

இடப்பக்கம் இருப்பதும் அதே ஜாடை. மறுபடி பிளக்கலாம். 2¹⁶, 2⁸, 2⁴, 2² என்று அது இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் 2 − 1 = 1 என்று முடியும். நமக்குக் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒரு நெடுவகுத்தல்கூட போடவில்லை. 64 என்பது இரண்டின் அடுக்கு என்பதால் வந்த அதிர்ஷ்டம் இது. சதுரங்கப் பலகைக்கு 61 கட்டம் இருந்திருந்தால் நம் பாடு திண்டாட்டம். 2⁶¹ − 1 பகா எண், பிளக்கவே பிளக்காது.

இந்த ஆறில் கடைசியைத் தவிர்த்த ஐந்தையும் பெருக்கினால் 4294967295. இதற்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அளவு குறிக்காத கோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று தெரிந்த ஒழுங்குப் பலகோணங்களில், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றுள் மிகப் பெரியது இத்தனை பக்கம் கொண்டது. 17 பக்கத்துக்கு முடியும் என்று ஜெர்மன் கணித மேதை காஸ் 1796இல் கண்டதிலிருந்து தொடங்கிய கதை. யாரும் வரைந்து பார்க்க மாட்டார்கள். வட்டத்திலிருந்து பிரித்துக் காணவே முடியாது.

4294967297 என்ற முரட்டு ஆள்

3, 5, 17 பகா எண்கள் என்பது தெரியும். 257, 65537, 4294967297 மூன்றையும் விசாரிக்க வேண்டும். 3, 5, 17, 257 என்று இப்படிப் போகும் வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று பிரெஞ்சுக் கணிதக்காரர் ஃபெர்மா 1640 வாக்கில் நம்பினார். கோல்ட்பாக் என்ற கணிதக்காரர் இதைப் பற்றி இன்னொரு கணித மேதையான ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டது 1729 டிசம்பரில். (ஆமாம், 1729, ராமானுஜன் எண். வருஷமும் நல்ல வருஷமாகத்தான் பார்த்திருக்கிறார்.) 1732இல் ஆய்லர் 4294967297ஐ உடைத்தார்.

எப்படி உடைத்தார் என்பதில்தான் சரக்கு இருக்கிறது. ஏதோ ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். 2, 4, 8, 16 என்று ஒவ்வொரு அடுக்கையும் அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுவதால், 32ஆவது இடத்தில் மீதி −1, அதாவது வகுக்கும் எண்ணில் ஒன்று குறைந்தது. அதை வர்க்கித்தால் 64ஆவது இடத்தில் மீதி 1. அதற்கு முன்னால் 1 வராது: வந்திருந்தால், அந்த இடம் 64இன் காரணியாக, அதாவது 32ஆகவோ 32இன் காரணியாகவோ இருக்க வேண்டும், அப்போது 32ஆவது இடத்திலும் 1தான் வந்திருக்கும். ஆகவே மீதிகள் 64க்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது அந்தச் சுற்றின் நீளத்தால் வகுபடும் என்பது ஃபெர்மாவே சொன்ன சிறு தேற்றம். ஆக அந்தப் பகா எண் 64இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். ஃபெர்மாவின் தேற்றமே ஃபெர்மாவின் நம்பிக்கைக்கு வேட்டு வைத்தது.

1878இல் பிரெஞ்சுக் கணிதக்காரர் லூகா இன்னும் ஒரு படி இறுக்கினார்: 64 போதாது, 128இன் மடங்கோடு 1. இதை வைத்துக்கொண்டால் பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்.

129 என்பது 3ஆல் வகுபடும், பகா எண் இல்லை. 257 பகா எண். ஆனால் 2³² − 1 ஏற்கெனவே 257ஆல் வகுபடுகிறது. அதைவிட 2 கூடுதலான 4294967297க்கு மீதி 2. போகட்டும். 385 ஐந்தால் வகுபடும். 513 மூன்றால். அடுத்தது 641, பகா எண்.

ஆக உண்மையில் சோதிக்க வேண்டிய முதல் ஆளே 641. பத்து இலக்கத்தை வகுக்கக்கூட வேண்டாம், மீதிகளை வர்க்கித்துக்கொண்டு போனால் போதும்:

2⁸ = 256.
2¹⁶ = 65536; 641 × 102 = 65382; மீதி 154.
2³²க்கு 154 × 154 = 23716; 641 × 36 = 23076; மீதி 640.

640 என்பது 641இல் ஒன்று குறைந்தது. அதாவது −1. அகப்பட்டுவிட்டது. 4294967297 = 641 × 6700417.

எஞ்சிய 6700417 மேலும் உடையுமா? இதன் காரணியும் 4294967297இன் காரணிதான், எனவே அதே 128 விதி இதற்கும் பொருந்தும். 2589இன் வர்க்கம் 6702921 என்பதால் 2588 வரை பார்த்தால் போதும். 128இன் மடங்கோடு 1 என்ற வரிசையில் 2588க்குள் இருப்பவை இருபதே இருபது. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும் (1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113 போன்றவை கொஞ்சம் ஏமாற்றும், கவனம்). 257ஐ ஏற்கெனவே அனுப்பிவிட்டோம். மீதி நான்குக்கும் கால்குலேட்டர்:

641 → மீதி 44
769 → மீதி 120
1153 → மீதி 334
1409 → மீதி 622

ஒன்றும் சுழி இல்லை. 6700417 பகா எண். விதி தெரியாமல் போயிருந்தால் 2588க்குள் இருக்கும் பகா எண்கள் அத்தனையையும் முயல வேண்டியிருக்கும். இங்கே நான்கே வகுத்தல்.

65537க்கு இதைவிடச் சுலபம். அது 2¹⁶ + 1; அடுக்கு 32இல் பாதி என்பதால் விதியிலும் 128க்குப் பதில் அதில் பாதி, 64. வர்க்கமூலம் 256ஐ ஒட்டி. 65, 129, 193 மூன்றுதான் உண்டு, பகா எண் 193 மட்டும், மீதி 110. தீர்ந்தது. 257க்கு 16 வரை பார்த்தால் போதும். விதிப்படி வரக்கூடிய மிகச் சிறிய காரணியே 16ஐத் தாண்டிவிடும். வகுக்கவே வேண்டாம்.

முழு விடை: 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

காரணி கிடைத்த பிறகு

ஏழு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆகவே மொத்தக் காரணிகள் 2⁷ = 128. தன்னைத் தவிர்த்த மற்ற காரணிகள் எல்லாவற்றையும் கூட்டினால் எண்ணில் சுமார் 70 சதவீதம்தான் தேறும். இதைக் காண 4/3 × 6/5 × 18/17 × 258/257 என்று ஏழு பின்னங்களைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் போதும்.

இந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் அதற்குள் எத்தனை என்பதற்கு ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும். 2, 4, 16, 256, 65536 எல்லாம் இரண்டின் அடுக்குகள், பெருக்கினால் 2³¹. அதோடு 640 × 6700416. விடை 9208981628670443520. பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

வர்க்க எண்ணா? கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். 5இல் முடியும் வர்க்கம் எதுவும் 25இல்தான் முடியும். இது 15.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலா, மூன்றா? கடைசி மூன்று இலக்கம் 615, 8ஆல் வகுத்தால் மீதி 7. எந்த வர்க்கத்தை 8ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4 மூன்றில் ஒன்றுதான். இவற்றில் மூன்றைக் கூட்டி 7 கொண்டுவர முடியாது, போட்டுப் பாருங்கள். நான்கு வர்க்கம் வேண்டும். நான்கு எப்போதும் போதும் என்று லக்ராஞ்சு 1770இல் நிறுவிவிட்டார்.

முக்கோண எண்ணா என்ற கேள்விதான் எனக்குப் பிடித்தது. மூட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடுக்கினால் வரும் 1, 3, 6, 10, 15 போன்றவை முக்கோண எண்கள். சோதனை: எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வர்க்க எண் வர வேண்டும். நம் எண்ணுக்கு அது 2⁶⁷ − 7.

2இன் எந்தெந்த அடுக்கில் 7ஐக் கழித்தால் வர்க்கம் வரும்? இதை 1913இல் கேட்டவர் ராமானுஜன். அதற்கு முந்தைய வருஷம்தான் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தார். நம் தொழில்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருந்தால் 1, 9, 25, 121, 32761 என்று வர்க்கங்கள் வருகின்றன. இவை தவிர வேறு இல்லை என்பது அவர் ஊகம். நார்வேக்காரர் நாகெல் 1948இல் அதை நிறுவினார். அந்தத் தேற்றத்தின்படி 67 தேறாது.

ஆனால் 67க்கு மட்டும் என்றால் தேற்றம் தேவையில்லை, கையாலேயே பார்க்கலாம். 121ஆல் வகுத்து மீதி எடுங்கள். 2¹⁰ = 1024, மீதி 56. 56 × 56 = 3136, மீதி 111, அதாவது −10. இது 2²⁰. மூன்று முறை பெருக்கினால் −1000, மீதி 89. இது 2⁶⁰. 2⁷ = 128, மீதி 7. 89 × 7 = 623, மீதி 18. ஏழைக் கழித்தால் 11. ஆக 2⁶⁷ − 7 என்பது 11ஆல் வகுபடும், 121ஆல் வகுபடாது. வர்க்க எண்ணுக்கு அப்படி நடக்காது. முக்கோணம் இல்லை.

கை ஊறினால் இரண்டு தள்ளி இருக்கும் எண்ணை எடுங்கள்: 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1. இது கீழே இறங்கிப் பிளக்காது, வர்க்கத்தில் ஒன்று கூட்டியது. அடுக்கு 32இன் இரட்டிப்பு என்பதால் இதற்கு விதி 256இன் மடங்கோடு 1. பிரான்ஸ் நாட்டு லாந்திரி 82 வயதில், 1880இல் இதன் காரணியைக் கண்டார்: 274177. அது 256 × 1071 + 1. கண்டுபிடிப்பது பெரும்பாடு, சரிபார்ப்பது நம் கால்குலேட்டருக்கே போதும். 2³²ஐ 274177ஆல் வகுத்தால் மீதி 258768, அதாவது −15409. அதை வர்க்கித்தால் 237437281. பக்கத்தில் 274177 × 866 போட்டுப் பாருங்கள்: 237437282. ஒன்று குறைகிறது. மீதி −1, நமக்கு வேண்டியதும் அதுதான்.